கொரோலா 110: ஷொக், ஸ்பிரிங் மாற்றிய பின் முன்னால் தட்டும் சத்தமும் பின்னால் துள்ளலும்

நிலாவெளி_110 எழுதியது:

வணக்கம். என்னிடம் டொயோட்டா கொரோலா 110 செடான் இருக்கிறது. நிலாவெளிக்கும் திருகோணமலை நகருக்கும் இடையிலும், விடுதிகளில் தங்குவோரை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் ஹயர் ஓடுகிறேன். ஆட்களும் பெட்டிகளும் கூடுதலாக ஏறும்போது பின்பக்கம் தாழ்ந்து வேகத்தடைகளில் சைலன்சர் உரசியதால், ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் நான்கு ஷொக் அப்சோபர்களையும் நான்கு ஸ்பிரிங்குகளையும் ஒரே தடவையில் மாற்றினேன். ஷொக்குகள் வாயு நிரப்பப்பட்டவை, 110 செடானுக்கென்றே விற்கப்படுபவை. ஸ்பிரிங்குகள் ‘ஹெவி டியூட்டி’ என்று சொல்லித் தரப்பட்டவை. அவற்றின் பெட்டியில் வாகனத்தின் மாதிரி எழுதப்பட்டிருக்கவில்லை.

மாற்றிய நாள் முதல் மூன்று தொல்லைகள் இருக்கின்றன. சிறிய ஒட்டுப் போட்ட இடங்களில் மெதுவாகப் போகும்போது முன் இடது பக்கத்தில் ‘கடக், கடக்’ என்று தட்டுகிறது. வேகத்தடையைத் தாண்டியதும் பின்னால் ‘டப்’ என்று ஒரு சத்தம் வருவதுடன், ஆள் இல்லாமல் ஓடினால் பின்பக்கம் துள்ளிக்கொண்டே போகிறது. நான்கு பேர் ஏறிவிட்டால் இந்தத் துள்ளல் மறைந்துவிடுகிறது. மூன்றாவதாக, ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்கிறது. ஷொக்குகள் பழுதானவை என்று மெக்கானிக் சொல்கிறார். கடைக்காரரோ அவற்றில் குறையே இல்லை என்கிறார். இன்னொரு தொகுதி ஷொக் வாங்குவதற்கு முன்னர் உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

கந்தளாய்_ஓட்டி எழுதியது:

சந்தையில் போலிப் பெட்டியில் வரும் ஷொக்குகள் நிறைய உண்டு, ஆகவே உங்கள் மெக்கானிக் சொல்வது சரியாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். பின்பக்கத் துள்ளலுக்கு ஸ்பிரிங்கில் அரைச் சுற்று வெட்டிவிட்டால் உயரமும் குறையும், துள்ளலும் அடங்கும். எங்கள் பக்கத்தில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

உவர்மலை_எந்திரி எழுதியது:

தம்பி, ஷொக்கும் வாங்க வேண்டாம், ஸ்பிரிங்கையும் வெட்ட வேண்டாம். ஆளில்லாதபோது துள்ளுகிறது, ஆள் ஏறினால் நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஷொக் எண்ணெய் கசிந்தோ உள்வால்வு தேய்ந்தோ போயிருந்தால், சுமை ஏறும்போது துள்ளல் கூடுமே தவிரக் குறையாது. ஷொக்கைக் குற்றம் சாட்டுவதற்கு முன் இந்த ஒரு வரியை உங்கள் மெக்கானிக் யோசித்திருக்க வேண்டும்.

மூன்று தொல்லைகளும் ஒரே வேலைக்குப் பிறகு வந்தன என்பதனால் மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்பக்கத்தை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதைக் கழற்றாமலே அளந்து அறியலாம்.

வண்டியை ஆளின்றிச் சமதரையில் நிறுத்துங்கள். நான்கு டயர்களிலும் உரிய காற்று இருக்கட்டும். இரண்டு மூன்று தரம் முன்னும் பின்னும் உருட்டி, பொனட்டையும் டிக்கியையும் அழுத்திவிட்டு, சில்லின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்காட்டின் விளிம்பு வரை மில்லிமீற்றரில் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் அளவுக்குள் வந்துவிடும். மையத்திலிருந்து அளந்தால் சஸ்பென்ஷனின் நிலை மட்டுமே தெரியும்.

பிறகு பின்பக்கத்தின் இரு சில்லுகளும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பும் வரை உடலை ஜக் வைத்து உயர்த்தித் தாங்கியில் நிறுத்தி, அதே இடத்தில் மறுபடியும் அளவுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால், இடது வலது சஸ்பென்ஷனை இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பி மறு பக்கத்தோடு சேர்ந்து இழுத்துப் பிழையான அளவைத் தரும். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசம், நின்ற நிலையிலிருந்து சில்லு கீழே தொங்குவதற்கு எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்பதைச் சொல்லும். உங்கள் ‘டப்’ சத்தத்தின் கதை பெரும்பாலும் அந்த எண்ணில் இருக்கும்.

பழைய ஸ்பிரிங்குகளை எறிந்துவிடவில்லையென்றால் அவற்றின் கம்பித் தடிப்பு, சுற்றுகளின் எண்ணிக்கை, கழற்றிய நிலையிலான நீளம் ஆகியவையும் தேவை. தடிப்பை அளக்கும் இடத்தில் வர்ணத்தைச் சுரண்டிவிட்டு வேர்னியரால் அளவுங்கள்.

பாலையூற்று எழுதியது:

என்னிடமும் 110 செடான் இருக்கிறது. ஸ்பிரிங்குகள் ஜப்பானிலிருந்து வந்தபடியே உள்ளன. ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று ஐயா சொன்ன முறைப்படி அளந்தேன். முன்னால் இடது 361, வலது 360. பின்னால் இடது 355, வலது 354. பின்பக்கத்தைத் தூக்கியதும் இரு பக்கமும் 433. ஆகவே தொங்குவதற்கு 78 மில்லிமீற்றர் இருக்கிறது. என் ஸ்பிரிங்குகள் பழையவை, சிறிது அமுங்கியிருக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலாவெளி_110 எழுதியது:

மிக்க நன்றி. என் வண்டியின் அளவுகள்: முன்னால் இடது 374, வலது 372. பின்னால் இடது 402, வலது 403. தூக்கிய பின் இரு பக்கமும் 432, அதாவது மிச்சம் 30 மில்லிமீற்றர்தான். பழைய பின் ஸ்பிரிங் வீட்டின் பின்னால் கிடந்தது. அதன் கம்பி 12 மில்லிமீற்றர், புதியதன் கம்பி 13. சுற்றுகளும் அகலமும் ஒன்றே. இப்போது வண்டியில் பூட்டியிருக்கும் புதியது பழையதைவிட 18 மில்லிமீற்றர் நீளமானது என்று கழற்றும்போது எடுத்த குறிப்பில் இருக்கிறது. ஒரு மில்லிமீற்றர் தடிப்பு இவ்வளவு வேறுபாட்டைத் தருமா என்பது எனக்கு விளங்கவில்லை.

உவர்மலை_எந்திரி எழுதியது:

தரும். சுருள் ஸ்பிரிங்கின் கடினம் கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். சுருளின் அகலத்தின் மூன்றாம் அடுக்குக்கும் இயங்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் குறையும். 13ஐ 12ஆல் வகுத்து, வரும் விடையை நான்கு தரம் எழுதி ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள்: 1.38 வரும். கையில் பார்த்தால் தெரியாத அந்த ஒரு மில்லிமீற்றர் ஸ்பிரிங்கை 38 வீதம் கடினமாக்கிவிட்டது.

கணக்குக்காகச் சுருளின் சராசரி விட்டம் 130 மில்லிமீற்றர் என்றும், இயங்கும் சுற்றுகள் 5 என்றும் வைத்துக்கொள்வோம். பழைய ஸ்பிரிங் ஒரு மில்லிமீற்றர் அமுங்குவதற்கு ஏறத்தாழ 18.6 நியூட்டன் விசை வேண்டும், புதியதற்கு 25.7 நியூட்டன் வேண்டும். வெறும் வண்டியில் ஒரு பின் ஸ்பிரிங்கின் மேல் 190 கிலோகிராம் தங்குவதாக எடுத்தால், பழையது 100 மில்லிமீற்றர் அமுங்கும், புதியது 72 அல்லது 73தான் அமுங்கும். இதனால் மட்டும் 28 மில்லிமீற்றர் உயர்கிறது. கூடுதல் நீளமான 18ஐயும் சேர்த்தால் 46 ஆகிறது. நீங்கள் அளந்த வேறுபாடு 47, 49. ஷொக்கின் உள்ளே இருக்கும் வாயு அழுத்தம் தண்டை வெளியே தள்ளுவதாலும், பாலையூற்றுத் தம்பியின் ஸ்பிரிங்குகள் பழையவை என்பதாலும் மீதியை விளங்கிக்கொள்ளலாம். கணக்கும் அளவுநாடாவும் இவ்வளவு ஒத்துப்போவது அடிக்கடி நடப்பதில்லை.

இனித் துள்ளலுக்கு வருவோம். இதே எண்களின்படி பழைய ஸ்பிரிங்கில் வெறும் வண்டியின் பின்பக்கம் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 1.57 தரம் ஆட முயலும், புதியதில் 1.85 தரம். ஆள்களும் பெட்டிகளும் ஏறி ஒரு ஸ்பிரிங்குக்கு 260 கிலோகிராம் வந்தால் புதிய ஸ்பிரிங்கின் ஆட்டம் 1.58க்கு இறங்கிவிடுகிறது. அதாவது சுமையேற்றிய உங்கள் வண்டி, பழைய ஸ்பிரிங்குடன் வெறுமையாக ஓடிய வண்டியின் ஆட்டத்துக்குத் திரும்பிவிடுகிறது. நான்கு பேர் ஏறியதும் துள்ளல் மறைவது இதனால்தான். மேலும், ஷொக்கின் தணிப்பு, அதாவது ஆட்டத்தை அடக்கும் திறன், செடானின் ஸ்பிரிங்குக்கு அளந்து வைக்கப்பட்டது. ஸ்பிரிங் 38 வீதம் கடினமானால் அதே ஷொக்கின் தணிப்பு விகிதம் 15 வீதமளவு குறைந்துவிடும். ஷொக் பழுதாகவில்லை, அதனால் அடக்க முடியாத ஸ்பிரிங் அதன்மேல் ஏற்றப்பட்டிருக்கிறது.

‘டப்’ சத்தம் இன்னும் எளிது. தூக்கிய நிலையில் உங்கள் அளவு 432, அவருடையது 433. எனவே உங்கள் ஷொக்கின் முழு நீளம் சரியானதுதான். ஆனால் வண்டி மேலே நிற்பதால், தொங்கும் இடம் 78இலிருந்து 30க்குச் சுருங்கிவிட்டது. வேகத்தடையின் மறுபக்கத்தில் சில்லு விழும்போது தண்டு முழுவதும் வெளியே வந்து உள்ளேயுள்ள தடுப்பில் இடிக்கிறது. ஏறும்போது வராமல் இறங்கும்போது மட்டும் வரும் சத்தத்துக்கு முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இப்படியே ஓடினால் நல்ல ஷொக்கும் சீக்கிரம் கெட்டுவிடும். பிறகு எல்லோரும் சேர்ந்து ‘பார்த்தீர்களா, ஷொக் பழுது’ என்பார்கள்.

வெட்டுவது பற்றி: சுற்றுக் குறைந்தால் கடினம் மேலும் கூடும். உயரம் குறைவது உண்மைதான், ஆனால் துள்ளல் அடங்காது. வெட்டிய முனை, ஸ்பிரிங் அமரும் தட்டான கீழ் இருக்கையின் படியில் பொருந்தி நிற்காது. காஸ் விளக்கால் வெட்டினால் அந்த இடத்தில் உருக்கின் பதமும் போய்விடும்.

கந்தளாய்_ஓட்டி எழுதியது:

வெட்டுவதைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இவர் ஹயர் ஓடுபவர். சுமைக்காகத்தான் ஸ்பிரிங்கே மாற்றினார். கடினமான ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு, அதற்கேற்ற நீளமும் தணிப்பும் உள்ள ஷொக்கைத் தேடிப் போட்டால் என்ன? செடான் ஸ்பிரிங்குக்குத் திரும்பினால் மறுபடியும் சைலன்சர் உரசும் அல்லவா?

கிண்ணியா_கராஜ் எழுதியது:

நியாயமான கேள்வி. எப்போதும் சுமையோடு ஓடும் வண்டியானால் நானும் அதையே சொல்லியிருப்பேன். இந்த வண்டி போகும்போது நிறைந்து, திரும்பும்போது வெறுமையாக வருவது. கொழும்பிலிருந்து 260 கிலோமீற்றர் அளவு வெறும் வண்டியாகத் துள்ளிக்கொண்டு வருவதில் பயனில்லை; மழையில் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடைப்பட்ட காட்டுப் பாதையில் அது ஆபத்தும் கூட. நீளமான ஷொக் போட்டால் பின் பிரேக் ஹோஸ் முழுத் தொங்கலில் இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும், பின்சில்லுகளின் சாய்வும் மாறும். ஒரு குறையை மூட இரண்டு வேலை வரும்.

உரசியதற்குக் காரணம் செடான் ஸ்பிரிங் மென்மையானது என்பதா, இருபது வருடத்துக்கு மேல் அமுங்கித் தளர்ந்தது என்பதா? கடற்கரை வண்டிகளில் நான் பார்ப்பது இரண்டாவதையே. உப்புக் காற்றும் மணலும் கீழ் இருக்கையில் தேங்கி, வர்ணம் உரிந்து, கடைசிச் சுற்று துருப்பிடித்து மெலிந்துவிடும். பல வண்டிகளில் அந்த இடத்தில் ஒடிந்தே போயிருக்கும். சரியான செடான் ஸ்பிரிங்கைப் புதிதாகப் போட்டுச் சுமையேற்றிப் பார்த்துவிட்டு, அப்போதும் உரசினால் அடுத்ததை யோசிக்கலாம். சுருளுக்கு இடையில் செருகும் றப்பர்க் கட்டைகளை மட்டும் போட்டுவிடாதீர்கள். அவை ஓரிரு சுற்றுகளை இயங்காமல் தடுக்கும். வெட்டியது போன்ற பலன்தான் வரும்.

இப்போது முன்பக்கத்துத் தட்டல். அங்கே உயரம் 12, 13 மில்லிமீற்றர்தான் கூடியிருக்கிறது, ஆகவே பின்பக்கத்துக் காரணம் அங்கே பொருந்தாது. சிறிய மேடுகளில் மெதுவான வேகத்தில் தட்டுவதென்றால் எங்கோ ஒரு பொருத்தில் சில மில்லிமீற்றர் ஆட்டம் இருக்கிறது. ஸ்டெபிலைசர் இருக்கும் வண்டியானால், அந்தக் கம்பியின் முனைகளைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் இரு பக்க லிங்க்குகளையும் கழற்றி, கம்பி எதிலும் தட்டாதபடி கட்டி வைத்துவிட்டு, வீட்டுத் தெருவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் போனால் லிங்க். போகாவிட்டால் அதை மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டியதில்லை.

அடுத்தது, பொனட்டைத் திறந்து, ஷொக்கின் தலையை உடலோடு பிடிக்கும் மேல் மௌண்டின் நடு நட்டைப் பாருங்கள். சில்லுகள் தரையில் இருக்க வேண்டும். ஒருவர் மட்காட்டைப் பிடித்து வேகமாக அழுத்தி விடட்டும். நீங்கள் தண்டின் முனையில் விரல் நுனியை இலேசாக வையுங்கள். மௌண்டின் றப்பரோடு சேர்ந்து மெல்ல அசைந்தால் அது இயல்பு. றப்பர் அசையாமல் தண்டு மட்டும் ‘டிக்’ என்று குதித்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். அந்த நேரத்தில் இன்னொருவர் ஸ்டியரிங்கைத் திருப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விரல் போய்விடும்.

நிலாவெளி_110 எழுதியது:

நானா சொன்னபடியே செய்தேன். லிங்க்குகளைக் கழற்றியும் சத்தம் அப்படியே இருந்தது. விரல் வைத்துப் பார்த்தபோது இடது தண்டு குதிப்பது தெளிவாகத் தெரிந்தது. வலது பக்கத்தில் அப்படி இல்லை. ஆனால் நட் இறுக்கமாகத்தான் இருக்கிறது, சாவியால் ஒரு துளியும் திரும்பவில்லை. இறுகிய நட்டின் கீழ் எப்படித் தண்டு ஆட முடியும்?

கிண்ணியா_கராஜ் எழுதியது:

நட் இறுகியிருப்பது மௌண்டின் மேல் அல்ல, தண்டின் மரையின் முடிவில் என்று நினைக்கிறேன். வேறு நிறுவனங்கள் செய்யும் ஷொக்குகளில் தண்டின் படி, மரையின் நீளம் ஆகியவை அசலிலிருந்து சிறிது மாறுபடலாம். அந்த வித்தியாசத்தை நிரப்புவதற்குச் சில தயாரிப்பாளர்கள் பெட்டியில் தடித்த வளையம் ஒன்றை வைத்திருப்பார்கள். அது பொதியோடு குப்பைக்குப் போய்விட்டால் நட் மரையின் அடியைத் தொட்டு நின்றுவிடும், மௌண்ட் நெருக்கப்படாது. வலது பக்கத்தில் அந்த வளையம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கழற்றும்போது ஸ்பிரிங்கை இரு எதிர்ப்பக்கங்களிலும் கம்பிரசர் போட்டு நெருக்கி, மேல் இருக்கை கையால் அசையும் நிலை வந்த பிறகே நடு நட்டைத் தொட வேண்டும். நெருக்காமல் கழற்றினால் ஸ்பிரிங் ஆளைக் கொல்லக்கூடும், இதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை.

திரும்பப் பூட்டும்போது மூன்றைக் கவனியுங்கள். மேல் ஸ்பிரிங் இருக்கையில் ‘அவுட்’ என்ற குறி இருக்கும், அது வண்டியின் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கின் கீழ் முனை இருக்கையின் படியில் நெருங்கி நிற்க வேண்டும். தண்டு சுற்றாமல் பிடிப்பதற்குக் குறட்டைப் போட்டுப் பளபளப்பான பகுதியைக் கடிக்க விடாதீர்கள்; அந்தக் கீறல் ஒவ்வொரு தரமும் எண்ணெய்ச் சீலை அறுக்கும். இறுக்கும் அளவைப் பழுதுபார்ப்புக் கையேட்டில் பார்த்து டோர்க் சாவியால் இறுக்குங்கள், காற்றுத் துப்பாக்கியால் அல்ல.

உவர்மலை_எந்திரி எழுதியது:

இடது இழுப்பைப் பற்றி ஒரு சொல். ஷொக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுதியான ஸ்ட்ரட்டைக் கழற்றினால், அதை நக்கிளோடு (சில்லைத் தாங்கும் பகுதி) பிடிக்கும் இரு போல்ட்டுகளின் துளையில் உள்ள இடைவெளி காரணமாகச் சில்லின் சாய்வு கொஞ்சம் மாறிவிடும். மேற்பக்கம் வெளியே கூடுதலாகச் சாய்ந்த சில்லின் பக்கம் வண்டி இழுக்கும். நமது வீதிகளும் மழைநீர் வடிவதற்காக இடது ஓரம் சரிந்தே இருக்கின்றன, ஆகவே சிறிய வேறுபாடும் இடப்பக்க இழுப்பாகவே தெரியும். ஆனால் ஸ்பிரிங் வேலை முழுவதும் முடிந்து உயரம் நிலைபெறும் முன் அலைன்மென்ட் (சில்லுகளின் கோணங்களைச் சரிசெய்தல்) செய்வது வீண் செலவு.

நிலாவெளி_110 எழுதியது:

வேலை முடிந்தது. வலது பக்கத்தில் தடித்த வளையம் இருந்தது, இடது பக்கத்தில் இல்லை. அதே அளவில் ஒன்றைக் கடைசல் பட்டறையில் செய்வித்துப் போட்டேன். இடது மேல் இருக்கையின் ‘அவுட்’ குறி உட்பக்கம் பார்த்திருந்தது, அதுவும் திருத்தப்பட்டது. தட்டும் சத்தம் முற்றாக நின்றுவிட்டது.

பின்பக்கத்துக்குச் செடானுக்குரிய புதிய ஸ்பிரிங்குகளைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கினேன். பழைய ஸ்பிரிங்கையும் வேர்னியரையும் கொண்டுபோய் அளந்தே எடுத்தேன். ஷொக்குகள் அதே ஷொக்குகள்தான். இப்போது பின் இடது 362, வலது 368. தொங்கும் இடம் இடது 70, வலது 64. வெறும் வண்டியில் துள்ளலும் இல்லை, ‘டப்’ சத்தமும் இல்லை. நான்கு பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு உரசிய அதே வேகத்தடைகளில் ஏறிப் பார்த்தேன், மெதுவாகப் போனால் உரசவில்லை. அலைன்மென்ட் இன்னும் செய்யவில்லை. இரு பக்கத்துக்கும் உள்ள 6 மில்லிமீற்றர் வேறுபாடு கவலைப்பட வேண்டியதா?

கிண்ணியா_கராஜ் எழுதியது:

பின்சில்லுகளை உடலோடு இணைக்கும் பின் இணைப்புக் கம்பிகளின் புஷ் (முனையிலுள்ள றப்பர் வளையம்) போல்ட்டுகளை எந்த நிலையில் இறுக்கினார்கள் என்று கேளுங்கள். சில்லு தொங்கும்போது இறுக்கினால் றப்பர் அந்த நிலையில் பிடிபட்டு, வண்டி தரைக்கு வந்ததும் முறுகி நிற்கும். அது வண்டியைச் சில மில்லிமீற்றர் உயர்த்தி வைப்பதுடன், புஷ்ஷையும் விரைவில் கிழிக்கும்.

நிலாவெளி_110 எழுதியது:

கேட்டேன். இடது பக்கம் வண்டியை இறக்கிய பின் இறுக்கியிருக்கிறார்கள். வலது பக்கம் ஜக்கில் இருக்கும்போதே இறுக்கிவிட்டார்கள்.

உவர்மலை_எந்திரி எழுதியது:

அப்படியானால் நான்கு சில்லுகளும் தரையிலோ சாய்தளத்திலோ நிற்கும் நிலையில், பின்பக்கத்து இணைப்புக் கம்பிகளின் போல்ட்டுகள் எல்லாவற்றையும் தளர்த்தி, டிக்கியை நாலைந்து தரம் அழுத்தி விட்டு, கையேட்டின் அளவுக்கு இறுக்குங்கள். பிறகு அளந்து பாருங்கள். வேறுபாடு 2, 3 மில்லிமீற்றருக்குள் வந்துவிட்டால் அலைன்மென்ட்டுக்குப் போகலாம். அங்கே முன்சில்லுகளோடு நின்றுவிடாமல் பின்சில்லுகளின் டோவையும் (சில்லுகள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் ஓடிய பின் மேல் மௌண்ட் நட்டுகளையும் நக்கிள் போல்ட்டுகளையும் டோர்க் சாவியால் இன்னொரு தடவை சரிபாருங்கள்.

நிலாவெளி_110 எழுதியது:

செய்துவிட்டேன் ஐயா. இடது 362, வலது 364. நாளை காலை அலைன்மென்ட்.